கஸ்டம்ஸ் அக்கா கேள்வி கேட்காத நாள்

தூத்துக்குடியில் கஸ்டம்ஸ் அக்காவிடம் முழு உண்மையையும் சொல்லாமல் தப்பித்தவர் எவரும் கிடையாது. மீன்காரர், டாக்டர், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர், கேஸ் சிலிண்டர் போட வந்தவர், வெளிநாட்டுக் கப்பல் கேப்டன் என்று எல்லோரும் அவர் முன்னால் ஒருமுறையாவது மூட்டையைப் பிரித்துக் காட்டியவர்கள்தான்.

அவர் சுங்கத்துறையில் வேலை பார்த்தவர் இல்லை. துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்த எங்கள் ஷிப்பிங் ஏஜென்சியில் நிர்வாக மேலாளர். ஒரு கப்பல் துறைமுகத்துக்கு வருவதற்கு முன்னும் பின்னும் ஆகவேண்டிய காகித வேலைகளைச் செய்து கொடுப்பது எங்கள் தொழில். சுங்கத்துறைக்காரர்கள்கூட ஒரு பெட்டியைத் திறக்காமல் விட்டுவிடுவார்கள், இவர் விடமாட்டார் என்று சொல்லி யாரோ வைத்த பெயர் அது. வைத்தது யார் என்று அவர் விசாரித்தார். கண்டும் பிடித்தார். அதன்பிறகு வெகுகாலம் அலுவலகத்தில் அவரை மேடம் என்று அழைத்த ஒரே ஆள் அந்தப் பெயரை வைத்தவர்தான்.

என்னை வேலைக்கு எடுத்தவரும் அவர்தான். டாக்குமென்டேஷன் பிரிவுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். சான்றிதழ்களை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. இந்த வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். வேறு இடத்தில் முயற்சி செய்வேன் என்றேன். அங்கேயும் கிடைக்காவிட்டால்? இன்னோர் இடம். அங்கேயும் இல்லையென்றால்? அழுவேன் மேடம் என்றேன். எவ்வளவு நேரம் அழுவாய் என்று கேட்டார். ஒரு நாள் பூரா என்றேன். "உண்மைய சொல்லுதா. எடுத்துக்கிடலாம்" என்று பக்கத்தில் இருந்த முதலாளியிடம் சொல்லிவிட்டு அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டார்.

மீன் வாங்கப் போனால் சீலா மீன் எந்தப் படகில் வந்தது, ஐஸில் எத்தனை மணி நேரம் கிடந்தது, படகுக்காரர் மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பது வரை போகும். மீன்காரர்கள் அவரைத் தூரத்தில் கண்டதும் விலையைத் தாங்களாகவே குறைத்துவிடுவதாகப் பேச்சு உண்டு. புதிதாக வந்த ஒரு இளம் டாக்டர், அவருடைய கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி முடித்துவிட்டு, அக்காவுக்கு உடம்புக்கு என்ன என்று கேட்க மறந்து அனுப்பிவிட்டார்.

ஒருமுறை பிலிப்பைன்ஸ் கேப்டன் ஒருவர் ஏதோ கையெழுத்துக்காக அலுவலகத்துக்கு வந்தார். அக்கா தன்னுடைய ஆங்கிலத்தில், அம்மா இருக்கிறார்களா, யாரோடு இருக்கிறார்கள், கடைசியாக எப்போது பேசினீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். நாலாவது கேள்வியில் அந்த ஆறடி மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட வந்தவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து, மக்ரூன் தின்று, அங்கிருந்தே அம்மாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டு அக்காவையும் காட்டிவிட்டுப் போனார். இதனால்தான் அக்காமேல் யாருக்கும் முழுசாகக் கோபம் வந்ததில்லை. குடைந்து குடைந்து கேட்பார். ஆனால் கேட்ட எதையும் மறக்கமாட்டார். அடுத்த முறை பார்க்கும்போது உங்கள் தங்கையின் காய்ச்சல் என்ன ஆனது என்பதிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்.

நான் சொல்ல வந்தது அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும்போது நடந்தது. கொஞ்ச வருஷங்களுக்கு முன்னால்தான்.

எங்களுக்கு ஏஜென்சி கொடுத்திருந்த ஒரு வெளிநாட்டுக் கப்பல் நிறுவனம், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் சில விவரங்களைக் கேட்டு மெயில் அனுப்பியது. அதில் ஒன்று, பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டப்படி உங்கள் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாகிவிட்டதா என்பது. கொடுக்கவில்லை. அந்தச் சட்டப்படி இருக்கவேண்டிய புகார்க் குழு எங்களிடம் இருந்தது, அதாவது நோட்டீஸ் போர்டில் ஒரு தாளாக இருந்தது. மூத்த பெண் ஊழியர் என்பதால் அக்கா தலைவர். நானும் கணக்குப் பிரிவில் ஒருவரும் உறுப்பினர்கள். வெளியிலிருந்து ஒருவர் இருக்கவேண்டும் என்பதற்காக, பெண்கள் அமைப்பு ஒன்றில் இருந்த ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியை ஒருவர். குழு ஒருநாளும் கூடியதில்லை.

முதலாளி அக்காவைக் கூப்பிட்டு, ஏதாவது ஒரு கம்பெனியைப் பிடித்து, பயிற்சியை முடித்து, சான்றிதழை வாங்கி அனுப்பிவிடுங்கள் என்றார். அக்காவை விட இளையவர் அவர். அவருடைய அப்பா காலத்திலிருந்து அக்கா அங்கே இருந்ததால் அவரும் அக்கா என்றுதான் அழைப்பார். ஏதாவது ஒன்றைப் பிடித்து என்று கஸ்டம்ஸ் அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

முதலில் வந்தது சென்னைக் கம்பெனி ஒன்று. கம்ப்யூட்டரிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரு மணி நேர வீடியோ, கடைசியில் கொஞ்சம் கேள்விகள், தேறினால் சான்றிதழ். விற்பனைப் பிரதிநிதி வீடியோ அழைப்பில் வந்து சுறுசுறுப்பாக விளக்கினார். அக்கா அந்த வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தார். கண்ணாடி அறைகள், காபி மெஷின், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் அழகான மனிதர்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் வெயிலில் ஹெல்மெட்டோடு, கப்பல் அணையும் வார்ஃபில் நிற்பவர்கள். கப்பலில் ஏறிப்போய் கையெழுத்து வாங்கப்போகும் பெண்ணிடம் கப்பல்காரன் எவனாவது வாலாட்டினால் அது எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று அக்கா கேட்டார். பிரதிநிதி, கேட்டுச் சொல்கிறேன் மேடம் என்றார். பிறகு அக்கா வீடியோவைத் தள்ளிவிட்டு நேராகக் கேள்விகளுக்குப் போனார். ஒவ்வொன்றிலும் இருப்பதிலேயே நீளமான பதிலைத் தேர்ந்தெடுத்தார். தேறிவிட்டார். எங்கள் டிரைவரைக் கூப்பிட்டு அதேமாதிரி செய்யச் சொன்னார். அவர் ஒரு கையில் வடையோடு தேறினார். பிரதிநிதி இன்னும் கேட்டுச் சொல்லவில்லை.

அடுத்து வந்தவர் கோட்டு போட்ட உள்ளூர் ஆளுமைப் பயிற்சியாளர். மன அழுத்தம், நேர மேலாண்மை, பாலியல் துன்புறுத்தல் மூன்றையும் ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார். எல்லோரையும் கண்ணை மூடச்சொல்லி, கூட வேலை பார்க்கும் பெண்களைச் சகோதரிகளாக நினைக்க வைப்பாராம். பெண்கள் அளவாகச் சிரிப்பது, ஆறு மணிக்கு முன் வீடு திரும்புவது பற்றியும் ஒரு பகுதி உண்டாம். கப்பல் ஏழு மணிக்கு பெர்த்தில் வந்து கட்டினால் எந்தச் சகோதரியை நிற்கச் சொல்வது என்று அக்கா கேட்டார். அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. உங்கள் நிறுவனத்தில் பெண்கள் எத்தனை பேர் என்றார். மனைவிதான் எல்லாம் பார்த்துக்கொள்கிறார் என்றார் அவர். மனைவிக்குச் சம்பளம் உண்டா என்ற கேள்விக்குப் பிறகு அவர் டீயைக் குடித்து முடிக்கவில்லை.

இப்படியே இரண்டு மாதம் போயிற்று. முதலாளி பொறுமை இழந்துகொண்டிருந்தார். அலுவலகத்தில் இது ஒரு வேடிக்கையாகிவிட்டது. அக்கா மாப்பிள்ளை பார்க்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். இந்தக் கேலியை அழகாகச் செய்தவர் எங்கள் ஆபரேஷன்ஸ் மேனேஜர். துறைமுகத்தில் எல்லோரையும் தெரிந்தவர், எதையும் நடத்திக் கொடுப்பவர், முதலாளியின் வலது கை. அக்காவுக்கு அவர் தம்பி மாதிரி. சில வருஷங்களுக்கு முன் அக்காவைப் பார்க்க அலுவலகத்துக்கு வந்த அவருடைய வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. லிஃப்ட் ஓடவில்லை. இந்த மேனேஜர்தான் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நாங்கள் அண்ணாச்சி என்று அழைக்கும் அக்காவின் வீட்டுக்காரர் இன்று உயிரோடு இருப்பது அதனால்தான்.

மூன்றாவதாக வந்தவர் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வக்கீலம்மா. வெளுத்த காட்டன் சேலை, தோளில் பை, முகத்தில் களைப்பு. தன்னைப் பற்றி எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அக்கா ஆரம்பித்தார். எத்தனை வருஷ அனுபவம், எங்கெல்லாம் வகுப்பு எடுத்திருக்கிறீர்கள், ஆண்கள் சண்டைக்கு வந்தால் என்ன செய்வீர்கள். அவர் சுருக்கமாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு, தான் ஒன்று கேட்கலாமா என்றார். அக்காவிடம் யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

உங்கள் குழுவுக்கு இதுவரை எத்தனை புகார் வந்திருக்கிறது என்று கேட்டார் வக்கீலம்மா. அக்கா கொஞ்சம் பெருமையாகவே, ஒன்றுகூட இல்லை என்றார்.

"சரி. ஒரு பிள்ளை இப்ப இந்த ரூமுக்குள்ள வந்து, எனக்கு ஒரு தொந்தரவு இருக்குக்கான்னு சொல்லுதா. நீங்க என்ன கேப்பீங்க?"

அக்கா யோசிக்கவே இல்லை. யாரு, எப்போ, எங்கே வைத்து, யார் பார்த்தது, நீ ஏன் அங்கே போனாய், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை, உன் வீட்டுக்குத் தெரியுமா, நீ என்ன பதில் சொன்னாய் என்று விரலை மடக்கிக்கொண்டே போனார். வக்கீலம்மா குறுக்கிடாமல் கடைசிவரை கேட்டார்.

"மூணாவது கேள்வியிலயே அவ எந்திரிச்சுப் போயிருவா மேடம். போயிட்டு, ஒண்ணுமில்லக்கா, சும்மா சொன்னேன்னு சொல்லுவா. உங்ககிட்ட ஒரு புகாரும் வரலன்னா, ஒண்ணும் நடக்கலன்னு அர்த்தமில்ல."

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். அக்கா மடக்கிய விரல்களை மெல்ல விரித்தார். வக்கீலம்மா பையை எடுத்துக்கொண்டு, முடிவு செய்து சொல்லுங்கள் என்று கிளம்பிப் போய்விட்டார்.

இவரும் தேறாமல் போய்விட்டார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். மறுநாள் காலை அக்கா வந்ததும் முதலாளி அறைக்குப் போனார். நானும் ஃபைலோடு கூடப் போனேன். அந்த அம்மாதான் என்றார் அக்கா. எல்லா ஊழியர்களும் நேரில் உட்காரவேண்டும், டிரைவர்கள் வார்ஃப் கிளார்க்குகள் உட்பட. இரண்டு பிரிவாக, இரண்டு நாள். குழு உறுப்பினர்களுக்குத் தனியாக இன்னும் இரண்டு நாள். முதலாளிக்குத் தலை சுற்றியது. ஒரு சான்றிதழுக்கு எதற்கு அக்கா இவ்வளவு என்றார்.

"அந்த சர்டிபிகேட்டு கப்பல் கம்பெனிக்கா, நம்ம பிள்ளைகளுக்கா மொதலாளி?" என்று கேட்டார் அக்கா.

முதலாளி, இரண்டுக்கும்தான் என்று சொல்லி மாட்டிக்கொண்டார். அதற்குமேல் கேள்வி வருவதற்குள் சரி என்று சொல்லிவிட்டார்.

பயிற்சி பக்கத்தில் ஒரு சின்ன ஹாலில் நடந்தது. முதல் அரை மணி நேரம் ஆண்கள் ஒருவர் தொடையை ஒருவர் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வக்கீலம்மா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, சாதாரணக் காரியங்களைச் சொல்ல ஆரம்பித்தார். இரவு பத்து மணிக்கு வரும் தேவையில்லாத மெசேஜ். வாசலை மறித்துக்கொண்டு நின்று பேசுவது. லீவு கேட்டால், எனக்கு என்ன தருவாய் என்பது. வேண்டாம் என்று சொன்னவளுக்கு அடுத்த வாரமே வரும் கஷ்டமான டூட்டி. சிரிப்பு நின்றுபோயிற்று. ஆபரேஷன்ஸ் மேனேஜர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டு குறிப்பு எடுத்தார். முடிவில் எழுந்து நின்று நன்றி சொன்னவரும் அவர்தான்.

உண்மையான கூத்து குழுவுக்கான பயிற்சியில்தான் நடந்தது. வக்கீலம்மா புகார் சொல்லவரும் பெண்ணாக நடிப்பார். அக்கா குறுக்கே பேசாமல் கேட்கவேண்டும். அவ்வளவுதான் பாடம். வக்கீலம்மா, "எனக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியல" என்று ஆரம்பித்தார். "எப்போ நடந்துச்சு?" என்றார் அக்கா. மறுபடி முதலிலிருந்து. இந்த முறை இரண்டு வாக்கியம் தாண்டியது. பிறகு அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். புருவம் கேட்டது. புருவமும் கேட்கக் கூடாது என்றார் வக்கீலம்மா. சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா பனங்கற்கண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். கற்கண்டு கரைவதற்குள் கடித்து நொறுக்கிவிட்டுக் கேட்டார். கல்லூரி ஆசிரியைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வீட்டில் போய்ப் பழகிவிட்டு வருகிறேன் என்றார்.

வீட்டில் அண்ணாச்சிதான் கிடைத்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இளவயதில் கடலில் விழுந்து பிழைத்த கதை ஒன்று அவரிடம் உண்டு. கல்யாணமான நாளிலிருந்து அதைச் சொல்ல முயன்று, ஏன் விழுந்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தது என்ற கேள்விகளில் மாட்டி, ஒருமுறைகூடக் கரையேறியதில்லை. அந்த வாரம்தான் முழுக்கதையையும் சொல்லி முடித்தாராம். முடித்துவிட்டுப் பயந்துபோய், "ஒனக்கு ஒடம்புக்கு சரியில்லையா?" என்று அக்காவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாராம்.

ஒன்றிரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், ரோஸ்லின் என்னிடம் வந்து அக்காவைப் பார்க்கவேண்டும், நீங்களும் வாருங்கள் என்றாள். அவள் உண்மைப் பெயர் ரோஸ்லின் இல்லை. கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்து ஆபரேஷன்ஸில் வேலை பார்த்த, கலகலப்பான பெண். இதை எழுதலாமா என்று அவளைக் கேட்டபோது, அக்காவைப் பற்றி என்றால் எழுதுங்கள் என்றாள். அவள் அன்று என்ன சொன்னாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. அதை எழுதச் சட்டமும் விடாது, எனக்கும் மனசு வராது. எதிரே இருந்தவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அக்கா டிபன் டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். கையைக் கழுவிவிட்டு வந்தார். மேஜைக்குப் பின்னால் இருந்த தன் நாற்காலியை விட்டுவிட்டு, இந்தப் பக்கம் வந்து ரோஸ்லினுக்கு எதிரே உட்கார்ந்தார். செல்போனை அணைத்து டிராயருக்குள் போட்டார். ரோஸ்லின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. கீழே கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எனக்கே, என்னம்மா என்று கேட்டுவிடலாம் போல இருந்தது. அக்கா கேட்கவில்லை. இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். நடுவில் நின்றாள். முன்னுக்குப் பின்னாகச் சொன்னாள். ஒரு இடத்தில் அந்தப் பெயரைச் சொன்னாள். அது எங்கள் ஆபரேஷன்ஸ் மேனேஜரின் பெயர். அக்காவின் முகம் வெளிறிப்போவதை நான் பார்த்தேன். ஆனால் அவர் கண்ணை எடுக்கவில்லை. நீ சொல்வது இவனையா என்று கேட்கவில்லை. நன்றாகத் தெரியுமா என்று கேட்கவில்லை. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. ரோஸ்லின் அழுதபோது தண்ணீர் டம்ளரை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான்.

அவள் முடித்தாள் என்று தோன்றிய பிறகும் அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"இன்னும் இருந்தாலும் சொல்லு. இல்ல இன்னொரு நாளு சொல்லணும்னாலும் சொல்லு. நான் இங்கனதான் இருப்பேன்" என்றார். பிறகு, "நீ சொன்னது நல்லதுளா" என்றார்.

ரோஸ்லின் போனபிறகு அவர் தன் நாற்காலிக்குத் திரும்பவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"அவன் என்ன அக்கான்னுல்லா கூப்பிடுதான்" என்றார். என்னிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலமே அவர் வக்கீலம்மாவுக்குப் போன் செய்தார். பெயர் எதையும் சொல்லாமல், எதிராளி தனக்கு மிகவும் வேண்டியவர் என்றால் தலைவர் என்ன செய்யவேண்டும் என்று மட்டும் கேட்டார். மறைக்காமல் சொல்லிவிடுங்கள், முடிவை அந்தப் பெண்ணிடம் விடுங்கள் என்று பதில் வந்தது. மறுநாள் அக்கா ரோஸ்லினை உட்காரவைத்துச் சொன்னார்.

"அவன் எனக்கு வேண்டியவன். எங்க வீட்டுக்காரர் உசுரோட இருக்காருன்னா அவன்தான் காரணம். அது ஒனக்குத் தெரியணும். நான் விசாரிக்க வேண்டாம்னா சொல்லு, வேற ஆளப் போடச் சொல்லுதேன். எனக்கு வருத்தமில்ல."

ரோஸ்லின் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களே இருங்கக்கா" என்றாள்.

அவள் புகாரை எழுதிக் கொடுத்தாள். விசாரணை முடியும்வரை மேனேஜர் துறைமுகத்துக்குள் இருந்த எங்கள் சின்ன அலுவலகத்தில் உட்காரவேண்டும், ரோஸ்லின் அவருக்குக் கீழ் வேலை செய்யக் கூடாது என்று அக்கா முதலாளியிடம் சொன்னார். முதலாளி வாய்மொழியாக எச்சரித்து விட்டுவிடலாம் என்று பார்த்தார். அவன் இல்லாவிட்டால் கப்பல் வேலை நின்றுவிடும் அக்கா, இருபது வருஷமாக இருக்கிறவன் என்றார். "நானும் இருவது வருஷமா அவனுக்குச் சோறு போட்டிருக்கேன் மொதலாளி" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து வந்துவிட்டார்.

விசாரணை நடந்த நாட்களில் கஸ்டம்ஸ் அக்கா மறுபடி கஸ்டம்ஸ் அக்காவாக இருந்தார். இப்போது கேள்விகள் போகவேண்டிய இடத்துக்குப் போயின. அதற்குமேல் நான் சொல்லக் கூடாது. அக்கா குரலை உயர்த்தவில்லை, மேனேஜர் பேசும்போது குறுக்கிடவும் இல்லை. மேனேஜர் முதல் நாள் அக்கா என்று அழைத்தார். கடைசி நாள் மேடம் என்றார்.

அந்த வாரங்களில் மேனேஜரின் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் வீட்டுக்கு வந்தார். இரு வீட்டுக்கும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பலகாரம் போய் வரும். அந்த அம்மா கூடத்தில் உட்கார்ந்து அழுதார். அக்கா காபி போட்டுக் கொடுத்தார், கையைப் பிடித்துக்கொண்டார், விசாரணையைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. வந்தவர் காபியைத் தொடாமல் போனார். அண்ணாச்சிக்கு அதைத் தாங்க முடியவில்லை. அவன் தூக்கிக்கொண்டு ஓடிய உயிர் இது என்று சொல்லிவிட்டு அக்காவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். தட்டைத் தானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டார். ஒருநாள் நானும் அக்காவும் படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது அக்கா நடுவில் நின்றுவிட்டார்.

"நன்றி வேற, இது வேறன்னு எனக்கு நல்லாத் தெரியுது. மனசுக்குத்தான் தெரியமாட்டேங்கு ஏளா" என்றார். மூச்சு வாங்கியதால் நின்றதாகச் சொல்லிக்கொண்டு மீதிப் படிகளை இறங்கினார்.

குழு தன் முடிவைக் கொடுத்தது. நாலு பேரும் ஒரே கருத்து. முதலாளி ஒரு வாரம் அதை மேஜையிலேயே வைத்திருந்தார். அக்கா தினமும் காலையில் போய் அவர் எதிரே உட்கார்ந்துவிட்டு வந்தார். ஒன்றும் கேட்கமாட்டார், வெறுமனே உட்காருவார். அது கேள்வியை விட மோசம் என்று முதலாளி பின்னால் என்னிடம் சொன்னார். மேனேஜர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவரோடு ஒரு பெரிய வாடிக்கையாளரும் போனார். கொஞ்ச நாள் வேலை தடுமாறத்தான் செய்தது. கப்பல்கள் நிற்கவில்லை. முதலாளி அக்காவிடம் சரியாக முகம் கொடுத்துப் பேச மழைக்காலம் வந்து போகவேண்டியிருந்தது.

அலுவலகத்திலும் எல்லோரும் கொண்டாடிவிடவில்லை. ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டார் என்று சிலர் பேசினார்கள். அக்கா காதுபடவே பேசினார்கள். யார் பேசியது என்று அவர் விசாரிக்கவில்லை. ரோஸ்லின் தொடர்ந்து வேலைக்கு வந்தாள். அவள் வரும் பஸ் தாமதமானால் அக்கா ஜன்னல் பக்கம் போய் நிற்பார். அடுத்த வருஷம் வேறு இரண்டு பெண்கள், வெவ்வேறு சமயங்களில், வேறு வேறு காரியங்களுக்காக அவர் அறைக் கதவைத் தட்டினார்கள். ஒன்று புகார். இன்னொன்று வெறுமனே அழுவதற்கு. ரோஸ்லின் பிறகு தானே விரும்பிச் சென்னையில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போனாள். போகும்போது அக்காவின் காலில் விழப்போனாள். அக்கா அதட்டி எழுப்பி, அங்கே தங்கும் இடத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் குடைந்தெடுத்துவிட்டு அனுப்பினார்.

அண்ணாச்சி ஒரு நாள் பேசினார். எப்படி என்று அக்காவே சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமல், அந்தப் பிள்ளை நன்றாக இருக்கிறாளா என்று கேட்டாராம். நன்றாக இருக்கிறாள் என்றாராம் அக்கா. அவர் எழுந்துபோய் அக்காவுக்கும் ஒரு தட்டு எடுத்துவந்து வைத்தாராம். இதைச் சொல்லும்போது அக்கா என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். நானும் கல்யாணமாகித் திருநெல்வேலிக்கு வந்துவிட்டேன். என் அம்மா இருப்பது ஏரலில். ஸ்ரீவைகுண்டம் வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம். நான் ஒவ்வொரு முறையும் சுற்றிக்கொண்டு தூத்துக்குடி போய், அக்கா வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, அங்கிருந்துதான் ஏரல் போகிறேன். அம்மாவிடம், வழியில் நேரமாகிவிட்டது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.